டாப்சோனியனுக்கு என்கோடர் மாட்டுகிறவர்களுக்கு

எட்டு இன்ச் டாப்சோனியன் வாங்கி ஓரிரு வருடம் ஆனவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "நிலா பார்த்தாச்சு, சனி வளையம் பார்த்தாச்சு, ஓரியன் நெபுலாவும் ஆச்சு. மத்ததெல்லாம் எங்கே இருக்குன்னே பிடிபடலை. என்கோடர் மாட்டினா சரியாயிடுமா?" சரியாகும். ஆனால் மாட்டிய சூட்டோடு அதே நண்பர் மறுபடியும் அழைப்பார். "மாட்டிட்டேன், ஆனா தப்பான இடத்தைக் காட்டுது." இந்தப் பதிவு அந்த இரண்டாவது அழைப்புக்கானது.

மோட்டார் வைத்துத் தானே திரும்பும் கோ-டு தொலைநோக்கி வேறு. நான் சொல்வது புஷ்-டு. தள்ளுவது உங்கள் கை. எந்தப் பக்கம், எவ்வளவு தள்ள வேண்டும் என்று சொல்வது மட்டும் கணினியின் வேலை. டாப்சோனியனுக்கு இரண்டு அச்சுகள்: ஒன்று சுற்றுவது, இன்னொன்று மேலும் கீழும் சாய்வது. ஒவ்வோர் அச்சிலும் ஒரு என்கோடர். அதன் உள்ளே நுண்ணிய கோடுகள் போட்ட ஒரு வட்டத் தட்டு, ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் இரண்டு ஒளி உணரிகள். தட்டு சுழலும்போது உணரிகளுக்கு வெளிச்சம் விட்டுவிட்டு வரும். இரண்டும் கொஞ்சம் தள்ளித்தள்ளி இருப்பதால், எது முந்துகிறது என்பதை வைத்துச் சுழலும் திசையும் தெரிந்துவிடும். தட்டில் 2,500 கோடுகள் இருந்தால், ஒரு கோட்டுக்கு நான்கு மாற்றமாக, ஒரு முழுச் சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கைக்கு 2.16 கலை. ஒரு பாகையில் அறுபது கலை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள எட்டு இன்ச்சில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் ஏறத்தாழ ஒரு பாகை வானம் தெரியும். அறுபது கலை அகலமுள்ள அந்த வட்டத்துக்குள் ஒரு பொருளைக் கொண்டுவர இரண்டு கலைத் துல்லியம் தாராளம். 4,000 எண்ணிக்கை தரும் மலிவு என்கோடரிலும் ஓர் எண்ணிக்கை 5.4 கலைதான், அதுவும் போதும். ஆகவே பொருள் ஐபீஸில் வரவில்லை என்றால், இன்னும் விலை கூடிய என்கோடர் வாங்குவது தீர்வே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பலரும் முதலில் கைவைப்பது பர்ஸில்தான்.

என்கோடர்கள் இணையும் இந்தக் கணினிப் பெட்டிக்கு வானம் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும். இரண்டு அச்சுகளும் எவ்வளவு சுழன்றன என்று எண்ணி, நீங்கள் காட்டிக்கொடுத்த இரண்டு நட்சத்திரங்களை வைத்து, வானத்தின் எந்தப் புள்ளியில் குழாய் நிற்கிறது என்று கணிக்கிறது. எண்ணிக்கை பொதுவாகத் தப்பாது. தப்புவதெல்லாம் அச்சும் என்கோடரும் சேரும் இடத்தில்: ஒரு திருகில், ஒரு போல்ட்டில், ஒரு தகட்டில். மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஆலன் கீ கையில இருக்கா?" என்பதுதான்.

அதற்கு முன், சிலர் எழுப்பும் ஒரு மறுப்பு. பிரகாசமான நட்சத்திரத்தில் தொடங்கி, வரைபடத்தைப் பார்த்து, ஒவ்வொரு நட்சத்திரமாகத் தாவிப் போய்ப் பொருளைக் கண்டுபிடிப்பதுதான் முறையான பயிற்சி, கணினி வந்தால் கற்பது நின்றுவிடும் என்பார்கள். இருண்ட வானம் வாய்த்தவர்களுக்கு அந்த வாதம் சரி. ஆனால் தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ மொட்டைமாடியில் நிற்பவருக்குத் தாவ நட்சத்திரம் ஏது? வரைபடத்தில் இருக்கும் நான்காம், ஐந்தாம் ஒளி அளவு நட்சத்திரங்கள் தெருவிளக்கு வெளிச்சத்தில் கரைந்துவிட்டன. கண்ணுக்குத் தெரிவது விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதே மாடியிலிருந்து எட்டு இன்ச் கண்ணாடி ஹெர்குலிஸின் எம் 13 கோளகக் கொத்தைக் காட்டவல்லது, வளைய நெபுலாவைக் காட்டவல்லது. வழிகாட்ட நட்சத்திரம் இல்லை என்பதற்காக அவற்றை ஒருவர் இழக்க வேண்டியதில்லை. நகரத்து வானத்துக்கு இந்தக் கருவி அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, மாட்டும் வேலைக்கு வருவோம். அதிகம் சொதப்பும் இடம் அடிப்பலகையின் நடு போல்ட். குழாயைத் தாங்கிச் சுற்றும் அடிப்பெட்டிக்கும் தரையில் நிற்கும் பலகைக்கும் நடுவே அந்த போல்ட் போகிறது. அதன் தலையில்தான் என்கோடரின் தண்டைப் பொருத்துவோம். போல்ட் தரைப்பலகையோடு அசையாமல் நிற்க வேண்டும், என்கோடரின் உடல் அடிப்பெட்டியோடு சுற்ற வேண்டும். கடையில் வரும் டாப்சோனியன்களில் இந்த போல்ட் பெரும்பாலும் எதனோடும் இறுகப் பிடிக்கப்பட்டிருக்காது. அடிப்பெட்டி திரும்பினால் அதுவும் கொஞ்சம் திரும்பும். என்கோடர் இல்லாதவரை அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. என்கோடர் வந்த பிறகு, போல்ட் திரும்பிய அளவு கணக்கில் வராமல் போகும்.

திருவண்ணாமலைப் பக்கத்து நண்பர் ஒருவரின் தொலைநோக்கியில் இதைப் பார்த்தேன். "அண்ணே, வலப்பக்கம் போனா சரியா காட்டுது, இடப்பக்கம் திரும்பி வந்தா ஒரு பாகை தள்ளிப் போயிடுது" என்றார். தரைப்பலகையைக் கவிழ்த்து, போல்ட்டுக்குக் கீழே ஒரு பல் வாஷரும் இரண்டாவது நட்டும் போட்டு, இரண்டு நட்டையும் ஒன்றோடொன்று நெருக்கி இறுக்கினோம். அத்தோடு தீர்ந்தது. இப்படித் திரும்பும் திசையைப் பொறுத்துப் பிழை மாறினால் எங்கோ ஓர் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். மென்பொருளில் அதைத் தேடக் கூடாது.

அடுத்தது என்கோடரின் உடலைப் பிடித்து நிறுத்தும் கை. என்கோடரை அச்சின் மையத்தில் மயிரிழை பிசகாமல் பொருத்த லேத் பட்டறைக்குப் போனாலும் கடினம். அதனால் உடலை இறுக்கித் திருகிவிடாமல், ஒரு தகட்டுக் கையால் சுழலாமல் மட்டும் தடுத்து, மற்றபடி கொஞ்சம் மிதக்க விடுவது வழக்கம். அந்தக் கையின் நீளம் முக்கியம். மையம் ஒரு மில்லிமீட்டர் விலகி, கை நூறு மில்லிமீட்டர் நீளம் இருந்தால், பிழை அரை பாகையைத் தாண்டும். ஐபீஸ் வட்டத்தின் விளிம்புக்கு வெளியே தள்ளிவிட அது போதும். கையை இரட்டிப்பு நீளமாக்கினால் பிழை பாதியாகும். சிலர் இடம் அடைக்கிறதே என்று கையைக் குட்டையாக வெட்டிவிடுகிறார்கள்; வேண்டாம். கையின் முனை உட்காரும் பள்ளத்தில் ஆட்டமும் இருக்கக் கூடாது. ஒரு சின்ன ஸ்பிரிங் போட்டு ஒரே பக்கமாக அழுத்தி வையுங்கள்.

என்கோடர் தண்டைப் பிடிக்கும் குட்டித் திருகைப் பற்றி ஒரு வரி: தண்டு உருண்டையாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நாளடைவில் வழுக்கும். திருகு உட்காரும் இடத்தில் அரத்தால் லேசாக ஒரு தட்டை முகம் ராவிவிட்டால் போதும். ராவும் தூள் பேரிங்குக்குள் போகாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

இனி, பலரும் கவனிக்காமல் கடந்துபோகிற ஒரு நுட்பம். பல பெட்டிகள் தொடக்கத்தில் குழாயைச் செங்குத்தாக நிறுத்தச் சொல்லும், அல்லது கிடையாக வைக்கச் சொல்லும். சாய்வு அச்சின் பூஜ்ஜியம் எங்கே என்று அதற்குத் தெரிய வேண்டும். உடனே நம் ஆட்கள் ரசமட்டத்தை எடுத்துக் குழாயின் மேல் வைக்கிறார்கள். ஆனால் பெட்டி கேட்பது பூமிக்குச் செங்குத்தை அல்ல, சுற்றும் அச்சுக்கு இணையான நிலையை. தரை சாய்ந்திருந்தால் இரண்டும் வேறு. இரண்டு நட்சத்திரங்களைக் காட்டும்போது தரையின் சாய்வைப் பெட்டியே கணக்கிட்டுவிடும். ஜப்பானியப் பொறியாளர் தோஷிமி தாக்கி 1989-இல் ஸ்கை அண்ட் டெலஸ்கோப் இதழில் எழுதிக்காட்டிய அணிக் கணக்கின் அழகே அதுதான். தரையைச் சமப்படுத்தத் தேவையில்லை. குழாய்க்கும் அடிப்பெட்டிக்கும் உள்ள கோணம்தான் சரியாக இருக்க வேண்டும். அதற்குத் தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம் வேண்டும், ரசமட்டம் அல்ல. அடிப்பெட்டியின் தளத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி, குழாயை அதோடு ஒட்டி நிறுத்தி, அந்த இடத்தில் மரத்தில் ஒரு தடுப்பு அடித்துவிடுங்கள். பிறகு ஒவ்வோர் இரவும் குழாயைத் தடுப்பில் முட்டவைத்தால் வேலை முடிந்தது. தடுப்புக்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய வாஷர்களைச் சேர்த்தும் குறைத்தும் நுணுக்கமாகச் சரிசெய்யலாம்.

எவ்வளவு சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பழைய பெட்டிகளில் இரண்டாவது நட்சத்திரத்தைக் காட்டியதும் வார்ப் என்று ஓர் எண் வரும். இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுவே வானத்தில் உண்மையில் இருக்கும் கோணத்துக்கும், பெட்டி எண்ணிய கோணத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. அரை பாகைக்குள் இருந்தால் நல்லது. சில பாகைகள் காட்டினால் நட்சத்திரமே மாறிப்போயிருக்கலாம். காஸ்டரையும் பொலக்ஸையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம். ஆனால் வார்ப் பூஜ்ஜியம் என்பதால் எல்லாம் சரி என்று நம்பிவிடக் கூடாது. ஒரே திசையில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு நட்சத்திரங்களைக் காட்டினால், சாய்வின் பூஜ்ஜியம் ஒரு பாகை தவறாக இருந்தாலும் இரண்டிலும் அதே ஒரு பாகை கூடி, வித்தியாசத்தில் அடிபட்டுப் போகும். பெட்டி திருப்தியாகப் பூஜ்ஜியம் காட்டும், பிழை உள்ளே அப்படியே இருக்கும். எதிரெதிர்த் திசைகளில் உள்ள இரண்டைக் காட்டிப் பாருங்கள், அந்த ஒரு பாகை இரண்டு பாகையாக வெளியே வரும். சோதனைக்கு எதிரெதிர் ஜோடி. நிஜமான அலைன்மென்ட்டுக்கு, தொண்ணூறு பாகைக்குப் பக்கத்தில் விலகியிருக்கும் ஜோடி.

எந்த ஜோடி என்பதில் நம் ஊர் அட்சரேகை குறுக்கே வருகிறது. அமெரிக்கக் கையேடுகள் துருவ நட்சத்திரத்தை முதல் நட்சத்திரமாக எடுக்கச் சொல்லும். அங்கே அது நாற்பது பாகை உயரத்தில் நிற்கும். ஜவ்வாது மலையில் பன்னிரண்டரை பாகைதான், கன்னியாகுமரியில் எட்டு. அந்த உயரத்தில் புகைமூட்டம் ஒரு பக்கம், காற்று மண்டலம் ஒளியை வளைப்பது இன்னொரு பக்கம். பன்னிரண்டு பாகை உயரத்தில் ஒரு நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தைவிட நாலரை கலை உயர்ந்து தெரியும். அதனால் துருவ நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். தலைக்கு நேர்மேலே இருப்பதையும் விட்டுவிடுங்கள். அங்கே சுற்றும் அச்சை எவ்வளவு திருப்பினாலும் நட்சத்திரம் நகர்வதே தெரியாது. ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பது மணிக்கு நான் எடுப்பது மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும் சிரியஸையும், வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் துபேயையும். ஒன்று முப்பது பாகை உயரம், மற்றது நாற்பது. நடுவே 93 பாகை. இதைவிட நல்ல ஜோடி அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. நட்சத்திரத்தை ஐபீஸின் நடுவே கொண்டுவரும்போது ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து ஒளித்தட்டாக்கிக்கொண்டால், நடு எது என்று கண்ணுக்குச் சுலபமாகப் பிடிபடும்.

இத்தனையும் செய்து இன்னும் தவறுகிறதா? இரவை வீணாக்காமல் பகலில் சோதியுங்கள். சில கிலோமீட்டர் தள்ளி ஒரு செல்போன் கோபுரத்தின் உச்சியை ஐபீஸின் நடுவே வைத்து, அப்போதைய எண்ணைக் குறித்துக்கொண்டு, தொலைநோக்கியை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, அதே உச்சிக்குத் திரும்புங்கள். 360 வர வேண்டும். 368.6 வருகிறது, ஒவ்வொரு முறையும் அதேதான் வருகிறது என்றால், என்கோடர் 8,192 எண்ணிக்கை தருவது, பெட்டியில் 8,000 என்று கொடுத்திருக்கிறார்கள். முறைக்கு முறை மாறினால் எங்கோ வழுக்குகிறது. மெதுவாகச் சுற்றினால் சரி, வேகமாகச் சுற்றினால் தவறு என்றால், எண்ணும் சர்க்யூட்டுக்கு அந்த வேகத்தில் எண்ண முடியவில்லை. வீட்டில் தயாரித்த பலகைகளில் இது அடிக்கடி வரும். எண் முன்னேறாமல் ஒன்று கூடி ஒன்று குறைந்து அதே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தால், இரண்டு உணரிகளில் ஒன்றின் கம்பி அறுந்திருக்கிறது அல்லது கனெக்டரில் ஒட்டவில்லை. எது முந்துகிறது என்று தெரியாதபோது பெட்டிக்குத் திசையும் தெரியாது. குழாயை உயர்த்தும்போது உயரத்தின் எண் குறைகிறது என்றால் செட்டிங்கில் அந்த அச்சின் குறியை மைனஸாக்குங்கள். நோய்க்குறியைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

மின்சாரத்திலும் செல்போனிலும் வருபவை சில்லறைச் சிக்கல்கள், ஆனால் இரவைக் கெடுக்கப் போதுமானவை. என்கோடர் பெட்டி மிகக் குறைவான மின்சாரம் எடுப்பதால், பல பவர் பேங்குகள் எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துத் தாமாக அணைந்துவிடும். கூடவே ஒரு சின்ன யுஎஸ்பி விளக்கைச் சிவப்புத் தாள் சுற்றி மாட்டிவிட்டால் அணையாது. பெட்டியின் வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும், போனில் பெட்டியோடு பேசும் வான்வரைபடச் செயலியான ஸ்கைசஃபாரியில் தொடர்பு அறுந்துவிட்டது என்று வரும். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். நேரமும் இடமும் கேட்கும் கருவிகளில் மூன்றைச் சரிபாருங்கள்: மாதம் முன்னால் வரும் அமெரிக்கத் தேதி முறை, தீர்க்கரேகை கிழக்கா மேற்கா என்பது, நேர மண்டலம். நம்முடையது ஐந்தரை. முழு மணி மட்டுமே ஏற்கும் பழைய கருவியில் ஐந்து என்று கொடுத்தால், அரை மணி நேரத்துக்கு வானம் ஏழரை பாகை நகர்ந்துவிடும். அப்படிப்பட்ட கருவியில் மண்டலத்தைப் பூஜ்ஜியமாக்கி உலக நேரத்தையே கொடுத்துவிடலாம்.

பெரிய தொலைநோக்கிகளும் இதே பாட்டைப் பட்டவைதான். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள 3.9 மீட்டர் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கி தொடக்கம் முதலே கணினியால் இயங்கியது. குழாய் தன் எடையில் எவ்வளவு வளைகிறது, அச்சுகள் செங்கோணத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதையெல்லாம் அளந்து கணக்கில் கழிக்கிற, அங்கே பணியாற்றிய பேட்ரிக் வாலஸின் டிபாயின்ட் மென்பொருள் உலகெங்கும் பரவியது. அமெச்சூர் பெட்டிகளில் ஆர்கோ நாவிஸ் அதே வழியில் பல நட்சத்திரங்களை அளந்து பிழைகளைக் கழிக்கும். அருமையான வசதி. ஆனால் கணக்கில் கழிக்க முடிவது மாறாத பிழைகளை மட்டுமே. ஆடும் போல்ட்டை எந்தக் கணக்கும் கழிக்காது.

போனின் கேமராவை வைத்தே செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். 2020-இல் செலஸ்ட்ரான் கொண்டுவந்த ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர் அப்படித்தான்: போன் வானத்தைப் படமெடுத்து, நட்சத்திரங்களின் அமைப்பை வைத்து எந்த இடம் என்று கண்டுபிடிக்கும். ராஸ்பெரி பையை வைத்துக் கட்டும் பைஃபைண்டர் என்ற திறந்த மூலக் கருவியும் உண்டு. இவை எண்ணுவதில்லை, பார்க்கின்றன. அதனால் வழுக்கும் திருகு, ஆடும் போல்ட் எதுவும் இவற்றைப் பாதிக்காது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதையே சொல்வேன். என்கோடரின் பலம் வேறு இடத்தில்: மேகம் பாதி வானத்தை மூடியிருக்கும் நம் ஜூன், ஜூலை இரவுகளில், ஒரு முறை அலைன் செய்துவிட்டால், மேக இடைவெளி எங்கே திறந்தாலும் அது காத்திருக்காமல் இடத்தைச் சொல்லும். கேமராவுக்குப் படம் எடுக்க நட்சத்திரங்கள் வேண்டும்.

இவ்வளவு சிரமத்துக்கும் உரிய பலனைக் காட்டும் இடம் கன்னி ராசியின் விண்மீன் மண்டலக் கூட்டம். 2019-இல் படமாக வெளிவந்த கருந்துளை உட்கார்ந்திருக்கும் எம் 87 அங்கேதான். எம் 84, எம் 86 இரண்டும் ஒரே ஐபீஸ் வட்டத்துக்குள், அவற்றில் தொடங்கும் மார்கேரியன் சங்கிலி என்ற விண்மீன் மண்டல வரிசை. எங்கு திரும்பினாலும் மங்கலான புகைத்துளிகள். எது எதுவென்று அனுபவசாலிகளே தடுமாறும் பகுதி. அங்கே பெட்டியின் உதவி தங்கம். ஆனால் எம் 87-இன் நடுவரை விலக்கம் வடக்கே பன்னிரண்டு சொச்சம் பாகை, காவலூர் வானாய்வகத்தின் அட்சரேகை பன்னிரண்டரை சொச்சம். அதாவது வடதமிழ்நாட்டில் அந்தக் கூட்டம் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். டாப்சோனியனைத் திருப்பவே முடியாத இடம் அது.

அதனால் இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் எம் 87 உச்சிக்கு வருவது இரவு பதினொன்றே காலையொட்டி. ஒன்பதே முக்கால் வரை அது கிழக்கே போதிய சரிவில் இருக்கும். முதலில் சிம்மத்தின் வாலில் உள்ள உத்திர நட்சத்திரத்தை நடுவே வைத்துப் பெட்டியில் அந்த இடத்தை மட்டும் மறுபடி சரிசெய்துகொண்டு, அங்கிருந்து உள்ளே நுழையுங்கள். கூட்டம் உச்சியை நெருங்கியதும் தெற்கே திரும்பிவிடுங்கள். நள்ளிரவையொட்டி ஒமேகா சென்டாரி நேர்தெற்கே முப்பது பாகை உயரத்தில் நிற்கும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் தொடுவானத்துக்குப் பக்கத்தில் தாழ்வாகவே நிற்கும் அந்தக் கோளகக் கொத்து, நமக்கு வசதியாக உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில். அதற்கு நாலரை பாகை மேலே சென்டாரஸ் ஏ. கன்னியிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தும் இரண்டும் ஐபீஸுக்குள் விழுந்தால் உங்கள் போல்ட்டும் கையும் பூஜ்ஜியமும் சரி. விழாவிட்டால் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஆலன் கீயோடு உட்காரும்போது அந்தக் குறிப்பு வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்குக் கூட்டம் மேற்கே சரிந்திருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.